கோட்டை வாசலில் மாப்பிள்ளை

தாழங்கோட்டை ராஜா மார்த்தாண்ட பூபதிக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு மாணவர்கள் படிக்க வந்து அப்படியே தங்கிவிடுவார்களாம். அந்தப் பயத்தைப் பற்றவைத்தவர் தளவாய் அனந்தர். அவருக்கும் படிப்புக்கும் பிறவிப் பகை.

அன்றே சட்டம் வந்தது. வெளிநாட்டார் யாராயிருந்தாலும், ஊரில் மனைவி காத்திருக்கிறாள் என்று ஓலை காட்டினால்தான் கோட்டைக்குள் நுழையலாம். மனைவி இருந்தால் எந்த ஆணும் ஓடோடித் திரும்பிப் போவானாம். ராஜா இதை எப்படி நம்பினார் என்று மகாராணிக்கே புரியவில்லை.

மாட்டிக்கொண்டவன் இந்திரசூரி. கடாரத்திலிருந்து வந்து ஐந்து வருஷமாக இங்கே வைத்தியம் படிப்பவன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்த் திரும்பினான். வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. தவறினால் ஐந்து வருஷமும் பாழ். பாவம், வாசலில் உட்கார்ந்தே படித்துக்கொண்டிருந்தான்.

அரசவை விகடகவி மருதப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"மகாராஜா, அவனுக்குப் படிப்பே முடியவில்லை. பெண்டாட்டிக்கு எங்கே போவான்?"

"சட்டம் என்றால் சட்டம். யாருக்கும் விலக்குக் கிடையாது!"

"யாருக்குமா?"

"யாருக்கும்!"

மருதப்பன் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை இளவரசிக்குக் கல்யாணம். ஒரே பெண் என்பதால், கலிங்கத்து இளவரசர் ஒருவரை வீட்டோடு மாப்பிள்ளையாகப் பார்த்திருந்தார்கள். எதிர்கொண்டு அழைத்துவரப் போனவர் மருதப்பன். முகூர்த்தம் நெருங்கியது. மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்துப்போனார்கள். மருதப்பன் மட்டும் தனியாக ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை எங்கேய்யா?" என்று பதறினார் ராஜா.

"வாசலில் நிற்கிறார் மகாராஜா. ஊரில் மனைவி உண்டா என்று காவலர்கள் கேட்டார்கள். மனுஷன் இல்லையென்று உண்மையைச் சொல்லிவிட்டார்."

"இருந்தால் நான் எப்படிப் பெண் கொடுப்பேன்?"

"சட்டத்தில் அது எழுதவில்லையே!"

ராஜா தளவாயைப் பார்த்தார். தளவாய் கூரையைப் பார்த்தார்.

"கவலைப்படாதீர்கள்," என்றார் மருதப்பன். "முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு, ஓலையோடு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையும் யோசிக்கிறார்."

"ஐயோ, கெடுத்தாயே! கொண்டு வா அந்தச் சட்டத்தை!"

ராஜா தன் கையாலேயே கிழித்துப் போட்டார். வாசல் திறந்தது. முதலில் இந்திரசூரி வந்தான், பின்னால் மாப்பிள்ளை வந்தார். தாலி கட்டியாயிற்று. மறுநாள் இந்திரசூரி பரீட்சை எழுதி முதலாவதாகத் தேறினான்.

கல்யாண விருந்து மூன்று நாள் ஓடியது. கடைசி நாள் பந்தியில் ராஜா, மருதப்பன் காதில் கிசுகிசுத்தார்.

"எல்லாம் சரி. இந்திரசூரி இங்கேயே தங்கிவிட்டால்?"

"நாட்டுக்கு ஒரு நல்ல வைத்தியன் லாபம், மகாராஜா. தங்கப்போகிற இன்னொருவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்!"

எதிர்வரிசையில் மாப்பிள்ளை ஒன்பதாவது லட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார்.