சேலையின் நீலம்

தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆன மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஓவியப் பித்து பிடித்தது. அதுவும் லேசுப்பட்ட பித்தா? ஆளும் வேண்டாம், மரமும் வேண்டாம், வெறும் நிறங்களை வைத்தே படம் போட வேண்டுமாம். குருவாக வாய்த்த சுகிர்தாவுக்கோ அவருடைய மகள் வயது.

அவள் ஒரே நிபந்தனை போட்டாள். "கோயில் மண்டபச் சுவர்ல பழைய ஓவியம் இருக்குல்ல சார், அதுல உருவத்தை விட்டுடுங்க. நிறத்தை மட்டும் காப்பி பண்ணுங்க. அது சரியா வந்தா உங்க படம் நம்ம கண்காட்சியில தொங்கும்."

"என் படத்துக்கு எந்தக் காலத்து ஓவியரோ போட்ட நிறம் எதுக்கு டீச்சர்?"

"பண்ணித்தான் பாருங்களேன்."

செங்காவி வந்துவிட்டது. மஞ்சளும் வந்தது. அந்த ஓவியத்தில் இருந்த அம்மன் சேலையின் நீலம் மட்டும் வருவேனா என்றது. பதினோரு நீலம் கலந்து பார்த்தார். எதை வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது. கண்காட்சிக்கு இன்னும் நாலே நாள். இதை விட்டால் அடுத்த வருஷம்தான். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது என்ன நீலம்னு நீங்களே சொல்லிடுங்க டீச்சர். என்னால முடியல."

சுகிர்தா அவரோடு மண்டபத்துக்கு வந்தாள். ஓர் அட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். சுவரில் படாமல் சேலைக்கு நேராகப் பிடித்தாள்.

"ஓட்டை வழியா பாருங்க. என்ன நிறம்?"

"சாம்பல்."

அட்டையை எடுத்தாள். "இப்போ?"

"நீலம்." அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னொரு தடவை வைங்க."

வைத்தாள். சாம்பல். எடுத்தாள். நீலம்.

"கரியும் சுண்ணாம்பும்தான் சார். இதை வரைஞ்ச மனுஷன்கிட்ட நீலமே கிடையாது."

"அப்போ நீலம் எங்கேர்ந்து வருது?"

"சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க."

சுற்றிலும் செங்காவி. அதற்கு நடுவில் இருப்பதால்தான் வெறும் சாம்பல் நீலமாகத் தெரிகிறது! மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயில் வாசலில் விட்ட செருப்பைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். அடுத்த மூன்று நாளும் சோறு தண்ணி அவருக்கு நினைப்பில் இல்லை.

கண்காட்சியன்று காலையில் தன் படத்தோடு வந்து நின்றார். அதில் கோயிலும் இல்லை, அம்மனும் இல்லை. செங்காவி, கறுப்பு, வெள்ளை, இந்த மூன்று டப்பாவைத்தான் திறந்திருந்தார்.

சுகிர்தா கிட்டே வந்து பார்த்தாள். பத்தடி பின்னால் போய்ப் பார்த்தாள். மறுபடி கிட்டே வந்து ஒரு மூலையைக் காட்டினாள்.

"எல்லாம் சரி சார். இந்த நீலம் எந்தக் கடையில வாங்கினீங்க?"

மாசிலாமணி சந்தோஷமாகச் சட்டைப்பையிலிருந்து ஓட்டை போட்ட ஓர் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.