மஞ்சள் பூசிய வேம்பு

ஆடி பிறந்த கையோடு மலையடிக் குடிலின் வேப்பமரம் மஞ்சளித்துப் போயிற்று. உச்சிக் கொப்பு முதல் தாழ்ந்த கிளை வரை ஒரே மஞ்சள்.

மாசியில் இலை பழுத்து உதிர்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆடி அம்மன் மாதம், வேம்பு அம்மன் மரம், மஞ்சள் அம்மனுக்குப் பூசுவது. இதற்கு மேல் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அம்மன் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு மரமாக நிற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதை முதலில் மைக்கில் சொன்னவர் கொம்பையா. குடிலின் சீடர். சீடர் என்றதும் பால் வடியும் முகத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அறுபதைத் தாண்டிய ஆள், மைக் செட் வைத்துப் பிழைத்தவர். மனைவி இறந்தபின் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிளம்பி வந்தவரை முதன்முதலில் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணியது இந்த வேம்பின் நிழல்தான். அதனால் அந்த மரத்தின் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

குரு வாலையம்மா வயதில் அவருக்கு மகள் மாதிரி. இவரை அந்த அம்மா அண்ணாச்சி என்பார், அவரை இவர் அம்மா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கால் சேறாகுமே என்ற கவலையும் இல்லை. பங்குனியில்தான் ரைஸ்மில் முதலாளி பூதலிங்கம், தூரை ஒட்டி மரத்தடி முழுக்க வழவழவென்று சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்திருந்தார். வேண்டும் என்று கேட்டு வாங்கியதே கொம்பையாதான். டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர் அது. முதலாளி மட்டும் சும்மா இருப்பாரா? தளத்தில் ஒரு கருங்கல் பதித்து அதில் தன் பெயரை வெட்டிவைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் வருமுன் கொம்பையா கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டக் கூட்ட இலை விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். நுனிக் குச்சிகள் கருகிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டார், சடக்கென்று ஒடிந்தது.

விளக்குமாற்றோடு அப்படியே குருவிடம் போனார்.

"அம்மா, இது அருளா, சீக்கா?"

வாலையம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க அண்ணாச்சி."

"ஊத்திட்டு?"

"அந்தத் தண்ணி எங்க போகுதோ அங்க போயி நில்லுங்க."

கொம்பையா ஊற்றினார். தண்ணீர் தூரை நனைத்தது, தளத்தில் வழுக்கியது, கருங்கல்லில் இருந்த முதலாளி பெயரைக் கழுவிவிட்டு ஓரத்துச் சாக்கடையில் இறங்கியது. அவரும் கூடவே நடந்தார். சுவரைத் தாண்டி, குடிலின் பின்பக்கப் பள்ளத்தில் போய் முடிந்தது. அங்கே காட்டுச் சேம்பு ஆள் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு இலையும் யானைக்காது. மஞ்சள் தண்ணீர், இளநீர், பால், எல்லாம் குடித்துக் கொழுத்திருந்தது.

அவர் கணுக்கால் சேற்றில் நின்றார். குடத்தோடு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, அம்மன் சேம்புக்கும் வந்துட்டாளா?"

இத்தனை குடத்துக்கு நடுவில் ஒரு சொட்டு இல்லாமல் மரம் நின்றிருக்கிறது. அதைத்தான் அருள் என்று கத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து சொன்னார்.

"சீக்குதான் அம்மா. தளம் மூச்சை அடைக்குது."

"மருந்து?"

"உடைக்கணும்."

"உடைங்க."

"செவ்வாக்கிழமை முதலாளி குடும்பத்தோட பொங்கல் வைக்க வாராரு. ஊரே வருது. சாமிக்குத்தம்னு என்னைய அடிச்சே போட்டுருவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"நான் சொன்னா எனக்காக உடைப்பாங்க. நாளைக்கு இன்னொருத்தர் சொன்னா திரும்பப் பூசுவாங்க."

"அப்ப யாரு சொல்ல?"

"அம்மன் வந்திருக்கான்னு சொன்னது யாரு அண்ணாச்சி?"

வாலையம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார்.

செவ்வாய் வந்தது. பொங்கல் பானைகள் பொங்க, குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. முதலாளி பட்டு வேட்டியில் தன் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கொம்பையா மைக்கைப் பிடித்தார்.

"தாய்மாரே, பெரியவங்களே. அம்மன் மஞ்ச பூசியிருக்கான்னு இதே வாயாலதான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். மரத்துக்குச் சீக்கு. தண்ணி இல்லாம சாகுது. இந்தத் தளத்தை நான்தான் கேட்டு வாங்கினேன், நானே உடைக்கப் போறேன்."

குலவை பாதியில் நின்றது. "கிழவனுக்குப் புத்தி கலங்கிட்டு" என்றது ஒரு குரல். "சாமிக்குத்தம்ய்யா, பிடிங்க அவரை" என்றது இன்னொன்று. கொம்பையா மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது, கடப்பாரை இறங்கியது. மறுபடி இறங்கியது. ஒரு சில்லு பெயர்ந்து வந்தது.

உள்ளே மண் தவிடாக இருந்தது. அத்தனை குடம் ஊற்றிய இடம், ஈரமே இல்லை.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் குனிந்து பார்த்தாள். இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி அந்தக் குழியில் சாய்த்தாள். மண் மொடக்கு மொடக்கென்று குடித்தது. முழுக் குடமும் போயிற்று. கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டது.

"பாவி மக்கா, எம்புட்டுத் தாகத்துல நின்னிருக்கா" என்றாள் அவள்.

அதற்குப்பின் யாரும் சாமிக்குத்தம் என்று பேசவில்லை. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தன் கல்லைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அந்தக் கடப்பாரையை இங்க தாரும்" என்றார். "எம்பேரு கெடக்குற எடத்தை நான்தான் உடைக்கணும்."

அன்றைக்கு அங்கே நடந்ததுதான் திருவிழா. ஆண்கள் பெயர்க்க, பெண்கள் சில்லு சுமக்க, பொங்கல் ஆறிப்போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. வேர் அறுபடாமல் கையாலேயே மண்ணைப் பொலபொலப்பாக்கினார்கள். மட்கிய சாணமும் இலைக்குப்பையும் பரப்பினார்கள். தூரில் ஊற்றாமல், கிளை கவிந்து நிற்கும் விளிம்பில் வட்டமாகப் பாத்தி கட்டி ஊற்றினார்கள். கொம்பையா கிழிந்த சட்டையோடு சிரித்துக்கொண்டே திரிந்தார். அவர் அப்படிச் சிரித்து ஊர் பார்த்ததில்லை.

ஆவணி முழுக்க மரம் மொட்டையாக நின்றது. கொம்பையா ஒருநாள்கூடத் தண்ணீர் விடத் தவறவில்லை. புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. மறுவாரம் கருகிய குச்சிகளுக்குக் கீழே செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்த்தது. ஐப்பசி முடிவதற்குள் வானம் தெரியாமல் பச்சை அடைத்துவிட்டது. கொம்பையா ஓடிப்போய் மைக்கைப் போட்டு, மலை எதிரொலிக்க அறிவித்தார். "எந்திரிச்சிட்டா தாயீ, எந்திரிச்சிட்டா."

முதலாளி வந்து பார்த்து மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் ஆள் வரத்து குறைந்தது. கார்த்திகையில் ஒரு ஈ காக்கை இல்லை.

கொம்பையாவுக்கு மனசு ஆறவில்லை. மரத்தடியில் இருந்த குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, வாடி நின்னப்ப அம்மன் வந்துட்டான்னு ஓடி வந்தாங்க. இப்ப இவ்வளவு செழிப்பா நிக்கா, ஒரு ஆளைக் காணோம். கேட்டா, அம்மன் போயிட்டாங்குறாங்க."

வாலையம்மா நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டார்.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தா ஆரஞ்சும் ரொட்டியுமா ஊரே பாக்க வரும் அண்ணாச்சி. எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டவளை எவ பாக்க வாரா?"