சுவரில் ஒரே ஓட்டை

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் மேனேஜர் அனந்தசயனம் டார்ட்ஸ் பலகைக்கு முன்னால் அம்பெறிய நின்றால், கிளப்பில் ஒருத்தராலும் அவரை ஜெயிக்க முடியாது. ஆபீஸ் ஆட்கள் எறிகிற அம்பெல்லாம் சுவரில்தான் போய்க் குத்தும்.

அந்த வருஷக் கோப்பையும் கைக்கு வந்த மிதப்பில், டீ கொண்டுவந்த எசக்கியம்மாளை மடக்கினார்.

"ஏம்மா, நான் ஜெயிக்கிறது திறமையா, அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம்னு சொன்னா நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை. திறமைன்னா இப்பவே நிரூபிச்சுக் காட்டணும்."

"அதுக்கென்னங்க ஐயா! உங்களை ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு வாரம் சம்பளத்தோட லீவுன்னு சொல்லிட்டு ஆடிப் பாருங்க."

மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டே அப்படியே அறிவித்தார். அவ்வளவுதான். ஹெட் கிளார்க் தங்கப்பாண்டி எறிந்த அம்பு பலகையின் நட்டநடுவில் போய் நின்றது. அடுத்தவர் அம்பும் அப்படியே. மேனேஜர் எல்லாரிடமும் தோற்றார்.

"அப்போ இத்தனை வருஷமும் வெறும் அதிர்ஷ்டமா?" மேனேஜர் எசக்கியம்மாளிடமே கேட்டார்.

"ஐயோ, திறமைதாங்க ஐயா! சுவத்து ஓட்டையைப் பூசுறவ நான்தானே? ஒவ்வொரு வாட்டியும் அதே ஒரு ஓட்டைதான். குறி தப்பாம எல்லாரும் வேணும்னே அங்கேயே அடிச்சாங்களே, அந்தத் திறமை!"

டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு எசக்கியம்மாள் ஓர் அம்பைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. எனக்கும் லீவு வேணும்."