தறி வீட்டுக் கார் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் வண்டிகள் எல்லாம் பேசும். பேசும் என்றால் சும்மா இல்லை, வாயை மூடவே மூடாது.

திருச்செங்கோட்டில் ஒரு மனுஷி நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க முடியாது. தெருவில் போகிற டவுன் பஸ், படிக்கட்டில் தொங்குகிறவர்களால் தன் இடுப்பு விட்டுப்போகிறது என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு போகும். பால்காரர் ஸ்கூட்டர் தனக்கு இருமல் வந்த வரலாற்றை வீட்டுக்கு வீடு நின்று சொல்லும். ஆழ்துளைக் கிணறு தோண்டிப் போர் போடும் ரிக் லாரிகளோ வடக்கே ராஜஸ்தான் வரை போய்த் திரும்பிய அலுப்பை மாதக்கணக்கில் புலம்பும். டயர் தேய்ந்தால் புலம்பல். தண்ணீர் குறைந்தால் புலம்பல். ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லையே, என்ன வரப்போகிறதோ என்று புலம்பல்.

ஆனால் ஒன்று. அந்தச் சத்தம் பொறுக்க முடியாமலே மனிதர்கள் எழுந்துபோய் ஆயில் ஊற்றினார்கள், காற்றுப் பிடித்தார்கள், நட்டு முறுக்கினார்கள். கத்துகிற பிள்ளைக்குத்தானே முதலில் சோறு.

அந்த ஊருக்குத்தான் ஜப்பானிலிருந்து அந்தக் கார் வந்து சேர்ந்தது.

அது தறி வீட்டில் பிறந்த கார். கதையாகச் சொல்லவில்லை, அந்த வீட்டில் முதலில் தறிதான் செய்தார்கள். அம்மா இரவும் பகலும் நெய்து படுகிற பாட்டைப் பார்த்த ஒரு மகன் செய்த தறி. அந்தத் தறிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஒரு இழை அறுந்தாலும் தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையோடு ஒரு விரல் அகலம்கூட நெய்யாது. பிறகு அதே வீட்டில் கார் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே வேலை செய்கிற எவரும், ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால், ஏன் இழுத்தாய் என்று யாரும் திட்ட மாட்டார்கள். என்ன ஆயிற்று என்று ஓடி வந்து கேட்பார்கள். இப்படியும் ஒரு வீடு.

அந்த வீட்டுக் கார் முதன்முதலில் கடல் தாண்டிப் போனபோது, அந்நிய நாட்டு மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்கித் தலைகுனிந்து திரும்பி வந்தது. அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. எந்த இழை அறுந்தது என்று பார்த்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் போனது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இந்தக் கார் கப்பல் ஏறும்போது தாய்த்தறி அதைக் கூப்பிட்டுச் சொன்னது. "வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை சொல். கேட்கவில்லையா, பாதியில் நின்றுவிடு. அறுந்த இழையோடு மட்டும் ஓடாதே. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதவள் சொல்லுக்கு மதிப்பு இல்லை. அப்படி ஒரு நாள் நீ ஓடினால், அன்றோடு உன் சொல் போய்விடும்."

கார் சரி என்றது. ஒரு முறை சொன்னால் கேட்கிற வீட்டில் வளர்ந்தது. தான் போகிற ஊர் எப்படிப்பட்டது என்று அதற்கு என்ன தெரியும்.

அதை வாங்கியவர் செங்கோட்டையன். ரிக் லாரி வைத்துப் போர் போடுகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காது இரண்டும் வேலை செய்யாது, வாய் மட்டும் நான்கு ஆள் வேலை செய்யும். அவர் மனைவி பாவாத்தாள். ஒரே மகள் மரகதம்.

ஷெட்டில் காரைப் பழைய ரிக் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் நாள் காலையிலேயே லாரி தன் முதுகுவலியில் தொடங்கி முப்பாட்டன் காலத்துக் கதைவரை சொல்லி முடித்துவிட்டு, புதுக் காரைப் பார்த்து, உனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டது. முன் டயரில் காற்று கொஞ்சம் குறைவு, காலையிலேயே சொல்லிவிட்டேன் என்றது கார்.

"எத்தனை வாட்டி சொன்னே?"

"ஒரு முறை."

லாரி சிரித்த சிரிப்பில் அதன் பக்கப் பலகை கழன்று விழுந்தது. "அம்மிணி, இந்த ஊர்ல ஒரு வாட்டி சொன்னா தும்மல்னு நெனச்சுக்குவாங்க."

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. தாய்த்தறி சொன்னபடி, வேலை தொடங்குவதற்கு முன்னால் கார் தன் குறையைச் சொல்லும். அதாவது சாவியைத் திருப்பியவுடன். செங்கோட்டையனோ சாவியைத் திருப்பியவுடன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி, செங்கோட்டு வேலவனில் ஆரம்பித்துக் குலதெய்வம்வரை வரிசையாகக் கும்பிடுகிறவர். வேண்டுதல் பட்டியல் நீளம். போரில் தண்ணீர் வர வேண்டும், போட்டிக்காரன் போரில் வரக் கூடாது, மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும். அவர் சாமியிடம் பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் கார் அவரிடம் பேசியது. அவர் கண்ணைத் திறக்கும்போது அது சொல்லி முடித்திருக்கும்.

பக்கத்து இருக்கையில் இருந்த பாவாத்தாளுக்கு மட்டும் கேட்கும். அவளும் சொல்லிப் பார்த்தாள். கார் ஒரு முறை சொன்னதை அவள் பத்து முறை சொன்னாள். சமையலறையிலிருந்து சொன்னாள், சோறு போடும்போது சொன்னாள், அவர் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து சொன்னாள்.

"ஏனுங்க, அது ஆயில் கொறையுதுன்னு சொல்லுதுங்க."

"ஜப்பான் வண்டி. அதுக்கு வேணும்னா அதுவே பாத்துக்கும்."

எதைப் பார்த்துக்கொள்ளும்? எழுந்து நடந்துபோய்க் கடையில் ஆயில் வாங்கிக் குடித்துக்கொள்ளுமா? அந்த மனிதரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். ஷெட்டில் லாரி அழுதால் மட்டும் ஓடுவார். லாரிக்கு வேளாவேளைக்கு ஆயில், கிரீஸ் எல்லாம் நடந்தது. லாரி கத்தும், தெருவில் மானம் போகும். கார் கத்தாது.

டீக்கடையில் அவர் பெருமை தாங்க முடியவில்லை. மற்றவர்கள் தங்கள் வண்டிகளின் நச்சரிப்பைச் சொல்லித் தலையில் கை வைத்திருக்கும்போது, என் கார் வாயைத் திறக்காது, அதுதான் வண்டி என்பார். அப்படி ஒன்று நம் வீட்டிலும் வாய்க்கவில்லையே என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வண்டியைச் சொன்னார்களா, மனைவியைச் சொன்னார்களா, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

இப்படி இருக்கும்போது மரகதத்துக்குச் சங்ககிரியில் இடம் அமைந்தது. நல்ல இடம். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா முகூர்த்தம் என்றால் முகூர்த்தம் என்கிற ஆள். அவர் வீட்டிலேயே முன்னொரு கல்யாணம், பெண் வீட்டார் நேரம் தவறி வந்தார்கள் என்று மணவறைவரை வந்து நின்றுபோயிருந்தது. அதனால் பாவாத்தாளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. காரில் ஆயில் வேறு குறைந்துகொண்டே வந்தது. நல்ல நாளும் அதுவுமாக வழியில் நின்றுவிடக் கூடாது என்று, தானே கடைக்குப் போய் ஒரு டின் ஆயில் வாங்கி வந்து காரின் டிக்கியில் வைத்தாள். காலையில் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று செங்கோட்டையனிடம் சொன்னாள். அவரும் உம் கொட்டினார்.

விடியற்காலையில் வீடே அமளி. உறவுக்காரர்கள் எல்லாம் ரிக் லாரியில் ஏறி, அதன் புலம்பலையும் மீறிப் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். காரில் பெண்ணும் பெற்றவர்களும். செங்கோட்டையன் சாவியைத் திருப்பினார். கண்ணை மூடினார்.

"ஆயில் அடியோடு வற்றிவிட்டது. இன்றைக்கு ஓடக் கூடாது" என்றது கார்.

அன்றைக்கு என்று பாவாத்தாளும் கேட்கவில்லை. தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாலிக்கொடியை எடுத்து வைத்தோமா என்று மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஆயில் ஊற்றியாயிற்று என்று நம்பியிருந்தாள். மரகதம் கண்ணாடியில் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பாதி வழியில், முன்னாலும் பின்னாலும் ஒரு கடைகூட இல்லாத இடத்தில், கார் நின்றது.

செங்கோட்டையன் இறங்கினார். சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார். யார் கண் பட்டதோ என்று முணுமுணுத்துக்கொண்டே, மனைவியின் தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் சக்கரத்தின் அடியில் வைத்தார். நிற்கிற வண்டி எப்படி அதை நசுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஆயில் ஊத்துனீங்களா?" என்றாள் பாவாத்தாள்.

அவர் எலுமிச்சம்பழத்தை நேராக்கி வைத்தார். அவள் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே தேங்காய். டிக்கி நிறையச் சீர்த் தேங்காய். டின் எங்கே என்று கேட்டாள். தேங்காய்க்கு இடம் பத்தவில்லை என்று ஷெட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன் என்றார். பாவாத்தாள் டிக்கியை மூடினாள். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மரகதத்துக்கு விசும்பல் வந்துவிட்டது. வானம் வெளுத்துக்கொண்டே வந்தது, முகூர்த்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் முன்னால் எம்பிக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டாள்.

"நீ சொல்லியிருப்பே. நாங்க யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. இன்னிக்கு ஒரு நாள் என்னெக் கொண்டுபோய் விட்ருவியா?"

கார் தாய்த்தறி சொன்னதைச் சொன்னது. அறுந்த இழையோடு ஓடினால் இனித் தன்னால் பேச முடியாது என்றது. ஒரு முறைதான் சொன்னது.

இதை மட்டும் செங்கோட்டையனின் காது கேட்டது. "பேசாட்டி என்ன இப்போ? ஓடுனாப் போதும்."

பாவாத்தாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவரைப் பார்த்த பார்வையெல்லாம் வேறு, இது வேறு. ஆனால் மகள் அழுதுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

கார் ஓடியது. உள்ளே இரும்பும் இரும்பும் காய்ந்து உரச, எரிகிற வாசம் கல்யாணப் பூ வாசத்தோடு கலந்து வர, அது ஒரு முனகல்கூட இல்லாமல் சங்ககிரி மேட்டில் ஏறியது. மண்டபத்து வாசலில் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரம் தவறவில்லை. தாலி ஏறியது. அட்சதை விழும்போது பாவாத்தாள் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கார் வெயிலில் நின்றிருந்தது. அதன் முன் சக்கரத்தில் அந்த எலுமிச்சம்பழத்தின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தியில் செங்கோட்டையன் இலை இலையாகப் போய் நின்று சொன்னார். "ஒரு சொட்டு ஆயில் இல்லைங்க மாமா. வந்து நின்னுச்சு பாருங்க. வண்டின்னா இது வண்டி." பாயசம் குடித்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து காரைத் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தப் பேச்சு சங்ககிரியிலிருந்து ஈரோடு போனது, ஈரோட்டிலிருந்து நாடு முழுக்கப் போனது. தறி வீட்டுக் காருக்கு ஒன்றுமே பார்க்க வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும் என்று. அது தன் சொல்லைத் தொலைத்த நாளைத்தான் ஊர் அதன் பெருமையாக வைத்துக்கொண்டது.

மற்ற வண்டிகளும் மாலையைப் பார்த்தன. வாயைத் திறக்காததற்கு மாலை, கத்துகிற நமக்கு உதை என்று நினைத்தன. டவுன் பஸ் பேச்சை நிறுத்தியது. ஸ்கூட்டர் இருமலோடு நிறுத்திக்கொண்டது. கடைசியாக ரிக் லாரி, ஷெட்டில் காரின் பக்கத்தில் வந்து நின்று, "எப்படி இருக்கே அம்மிணி?" என்று கேட்டது. பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு லாரியும் பேசவில்லை. உறுமல் மட்டும் மிச்சம்.

கல்யாணத்துக்கு மறுநாள் மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டுப் போனார். பாவாத்தாள் அந்த டின்னைத் தன் கையாலேயே திறந்து ஆயிலை ஊற்றினாள். பானெட்டை மூடிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வாயில வரலைன்னா வேற எப்படியாச்சும் சொல்லு. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி. நான் பாக்கறேன்."

அடுத்த முறை செங்கோட்டையன் சாவியைத் திருப்பியபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஆயில், பேட்டரி, பிரேக் என்று அது சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அணைந்தன. ஒன்று மட்டும் அணையாமல் நின்றது.

"ஏனுங்க" என்றாள் பாவாத்தாள்.

"கம்முன்னு இரு. சாமி கும்பிடறேன்ல."

அன்று முதல்தான், எந்தக் காரிலும் சாவியைத் திருப்பியவுடன் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணைகின்றன. அன்று முதல்தான், ஓட்டுகிறவர் அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார், பக்கத்து இருக்கையில் இருப்பவள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள்.