வையின்னு சொன்ன மாயக்காரன்

உக்காருங்க, உக்காருங்க. ஏப்பா, கால மடக்கு, பின்னால இருக்கவுக கதை கேப்பாகளா, ஒன் முட்டியப் பாப்பாகளா? அங்க யாரு இன்னும் முணுமுணுக்குறது? பேசி முடிங்க, காத்திருக்கேன். முடிஞ்சுதா? சரி.

முன்னொரு காலத்துல, கழுதைக்குக்கூட மரியாதை இருந்த காலத்துல, ராக்காயின்னு ஒரு கழுதைக்காரி. மலைநாட்டுக்கு உப்பு ஏத்திட்டுப் போவா. தங்கச்சி மருதாயியும் கூடப் போவா. அக்கா பேசுவா, தங்கச்சி கேப்பா. தங்கச்சி வாயிலருந்து ஒரு சொல் வர்றதுக்குள்ள கழுதை ஒரு மலை ஏறி எறங்கிரும்.

மலை வழிய மறிச்சு ஒரு மாயக்காரன் உக்காந்திருந்தான். அவன் முன்னால ஒரு பாறை. பாறையில மூணு வரிசை, வரிசைக்கு மூணு குழி. ஒனக்கு வெள்ளக் கல்லு, அவனுக்குக் கறுப்பு. மாத்தி மாத்தி வைக்கணும். நேராவோ குறுக்காவோ மூணு கல்லச் சேத்தா ஜெயிப்பு. தோத்தவுக கறுப்புக் கல்லாயிருவாக. அந்தக் கல்ல வச்சே அடுத்த ஆளோட ஆடுவான், பாவிப்பய.

ஒருநா கழுதைக்குத் தண்ணி தேடி முன்னால போன மருதாயி மாட்டிக்கிட்டா. ராக்காயி ஓடிப் போய்ப் பாத்தா, அவன் கையில புதுசா ஒரு கல்லு. இன்னும் சூடு ஆறல.

"என் தங்கச்சியக் குடுத்துருங்க சாமி."

அவன் மூக்காலயே பேசுவான். "மூணு ஆட்டம். ஒண்ணுல ஜெயி, எல்லாரையும் கூட்டிட்டுப் போ. ஜெயிக்கலேன்னா நீயும் கல்லு. ம், வையி."

ராக்காயி யோசிச்சா.

"வையி, வையி, வையி."

யோசிக்கவே விடமாட்டான். அதுலதான் அம்புட்டுப் பேரும் தோத்தது.

அவ மூலையில வச்சா. அவன் தங்கச்சியத் தூக்கி நடுக்குழியில வச்சான். நடுவுல ஆளு நின்னா நாலு பக்கமும் மறிச்ச மாதிரி. ஒம்பது குழியும் நெறஞ்சுது, யாருக்கும் மூணு சேரல. ராக்காயிக்கு முட்டி வரைக்கும் கல்லாச்சு.

ரெண்டாவது ஆட்டம். "வையி, வையி, வையி." அவ நடுவுல வச்சா. அவன் மூலையப் பிடிச்சான். அப்பவும் சமம். இடுப்பு வரைக்கும் கல்லாச்சு.

மூணாவது ஆட்டம். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. நிதானமா ஆடுற வரைக்கும் இவன் தோக்கவே மாட்டான். இந்த ஆட்டமும் சமமானா தங்கச்சியும் இல்ல, தானும் இல்ல.

"என்ன பாக்குற? வையி, வையி, வையி."

"நீயே கேட்டுட்ட"ன்னு மூலையில ஒரு கல்லப் போட்டுட்டு வைய ஆரம்பிச்சா.

"ஏலே, குளிச்சு எத்தன பங்குனியாச்சு? தாடியில பேனும் ஈரும் குடித்தனம் நடத்துது. என் கழுதையோட பின்னங்காலுக்கு இருக்க லட்சணம் ஒம் மூஞ்சிக்கு இல்லையே. வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி தரத் துப்பில்ல, இதுல மந்திரம் வேற. ஒன்ன ஒங்கம்மா பெத்தாளா, அடிப்பிடிச்ச பானையிலருந்து சொரண்டி எடுத்தாளா?"

மாயக்காரன அதுவரைக்கும் ஒருத்தரும் திட்டி வஞ்சதில்ல. காது செவந்துது, நடுவ மறந்துட்டு ஓரக்குழியில டொப்புனு வச்சான்.

ராக்காயி வாய மூடிக்கிட்டா. நடுக்குழியில வச்சா. மூலையும் நடுவும் ஆச்சு, எதிர்மூலை கெடச்சா மூணு. அவன் பதறி எதிர்மூலைய அடைச்சான். அவ அடுத்த மூலையில வச்சா. இப்ப ஓரமா ஒரு மூணுக்கு வழி, குறுக்க ஒரு மூணுக்கு வழி. அவன் கையிலயோ ஒரே ஒரு கல்லு. இத அடைச்சா அது தெறக்கும், அத அடைச்சா இது தெறக்கும்.

அவன் ஓரத்த அடைச்சான். அவ குறுக்க முடிச்சா.

கறுப்புக் கல்லெல்லாம் மனுசங்களா எந்திரிச்சு ஒரே சத்தம். ராக்காயிக்குக் காலு வந்துருச்சு. மாயக்காரனுக்கு மந்திரம் போச்சு, மூக்குக்குரலும் போச்சு. அழுதுகிட்டே சொன்னான்: "நான் கல்லத்தான வையின்னேன். ஒரு மனுசன இப்படியா வைவாக?"

மருதாயி சேலையில இருந்த தூசியத் தட்டிக்கிட்டே சொன்னா:

"எங்கக்கா இன்னும் வையவே ஆரம்பிக்கலைங்க. இது கொஞ்சுனது."