தனியே ஏறினால் இருவர்

நீலமேகத்தின் கம்பெனி லிஃப்டில் ஏதோ குடியேறிவிட்டது. மேலாளர் எவராவது தனியே ஏறி அட்டையைக் காட்டினால், "உள்ளே இருவர்" என்று நிதானமாகச் சொல்லும் அதன் குரல். ஏறியவர் வெடுக்கென்று திரும்புவார். கண்ணாடியில் அவர் முகம் மட்டும் வெளுத்துத் தெரியும். எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தும் குரல் மாறவில்லை.

லிஃப்டுக்குப் புரோகிராம் எழுதியவர் முதலாளி நீலமேகமேதான். ஒப்பந்த ஊழியர் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார்.

"என் புரோகிராம்ல தப்பே வராது. அதைத் தொடாம, சாயங்காலத்துக்குள்ள அந்த ரெண்டாவது ஆளை இறக்கு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

அரசி அந்தப் புரோகிராமைப் படித்துவிட்டு வந்தாள்.

"சார், ஒரு ஆளை எத்தனை தடவை பெறுவாங்க?"

"இதென்ன கேள்வி? ஒரு தடவைதான்."

"உங்க புரோகிராம்ல 'மேலாளர்'ங்கிற வகைக்கு, அதாவது கிளாஸுக்கு, 'ஆள்'தான் தாய் கிளாஸ். ஆளைப் பிறக்க வைக்கிற தாயோட கன்ஸ்ட்ரக்டர் ஓடுறப்பல்லாம் உள்ளே இருக்கிறவங்க எண்ணிக்கை ஒண்ணு கூடும். நீங்க அதை ரெண்டு வரியில ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க. அந்த ரெண்டாவது ஆளைப் பெத்ததே நீங்கதான்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். நீலமேகம் முகம் சிவக்க, புரோகிராமில் அந்த இரண்டு வரிகளையும் அழித்தார்.

"சார், ஒரு வரி இருக்கணும்..."

"எனக்குத் தெரியும்!"

விறுவிறுவென்று தனியே லிஃப்டில் ஏறி, தன் மேலாளர் அட்டையைக் காட்டினார். கதவு மூடியது.

"உள்ளே யாருமில்லை" என்றது குரல்.

ஆளில்லாத லிஃப்டுக்கு விளக்கெதற்கு? அணைந்தது. விசிறியும் நின்றது. இருட்டுக்குள்ளிருந்து தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

அரசி கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். நீங்க இன்னும் பிறக்கவே இல்லை."