சுண்டுவிரல் நரம்பு பின்பக்கம் போனது

அந்தக் காலத்துல குரங்கு பேசும். குரங்கோட கைக்குள்ள இருக்குற எலும்பும் நரம்பும் பேசும். கை மட்டும் மடங்காது. தோள்லருந்து மணிக்கட்டு வரைக்கும் உலக்கை மாதிரி நேரா நிக்கும். கிளையில தொங்கலாம், பழம் பறிக்கலாம். பறிச்சத வாய்க்குக் கொண்டுவர முடியாது. கீழ போட்டுட்டு, இறங்கிவந்து, குனிஞ்சு திங்கணும்.

பிள்ளையத் தூக்கவும் முடியாது. குட்டிதான் தாயோட வயித்து மயிரப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும். மழையில மயிர் நனைஞ்சா வழுக்கும். செம்பினு ஒரு மந்தி, அப்படியே ரெண்டு குட்டியப் பறிகொடுத்திருந்தா. மூணாவது பொறந்து ஒன்பது நாள். அன்னைக்கு மழை விடல. உச்சிக் கிளையில இருக்கும்போது குட்டியோட ஒரு கை நழுவிடுச்சு.

செம்பி தன் கையப் பாத்துக் கேட்டா: "ஒரே ஒரு தடவ மடங்கு. இவன மட்டும் அணைச்சுக்கிறேன்."

மேல்கை எலும்பு சொல்லுச்சு: "கீழ்க்கை எலும்பு ரெண்டும் சம்மதிச்சாச்சு தாயி. ஆனா மடங்குனா முன்பக்கம் நெருக்கடி. ரத்தக்குழாயும் தசையும் போக, ரெண்டு நரம்புக்குத்தான் இடம். மூணாவது ஆளு பின்பக்கம் போகணும். அங்க எலும்புக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. மேல தோல் மட்டும்தான், மூடிக்க சதை கிடையாது. மடங்குற ஒவ்வொரு தடவயும் இழுபடணும்."

நரம்புங்க மூணும் அண்ணந்தம்பிங்க. மூத்தவன் தொண்டையச் சரிபண்ணிக்கிட்டான். "போறதுல எனக்கு ஆட்சேபனையே இல்ல. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி. மூணரை பேரு என்ன நம்பி இருக்காங்க. அதான் யோசிக்கிறேன்."

ரெண்டாவது ஆளு பெருமூச்சு விட்டான். "நான் ஏற்கனவே மேல்கை எலும்பச் சுத்திக்கிட்டு வந்தவன். இன்னும் மூச்சு வாங்குது. மணிக்கட்டத் தூக்குறதும் நான்தான். யாரும் சொல்றதில்ல, நானே சொல்லிக்கிறேன்."

"அண்ணே, குட்டியோட இன்னொரு கையும் நழுவுது"னான் கடைக்குட்டி.

"அவசரப்படாதடா. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."

கடைக்குட்டிய நம்பி இருந்தது சுண்டுவிரலும், மோதிர விரல்ல மிச்சப் பாதியும்தான். அவன் மெத்துனு இருந்த இடத்த விட்டு எழுந்தான். எலும்புக்குப் பின்னால போனான். அந்தப் பள்ளத்துல படுத்தான்.

கை மடங்குச்சு.

விழுந்த குட்டி நேரா முழங்கை மடிப்புக்குள்ள வந்து சேந்துச்சு. செம்பி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. மழை விடுற வரைக்கும் கையப் பிரிக்கவே இல்ல.

பள்ளத்துல இழுபட்டுக் கிடந்தவன் ரொம்ப நேரம் பொறுத்தான். அப்புறம் சுண்டுவிரல் மரத்துச்சு. மோதிர விரல்ல அவன் பாதியும் மரத்துச்சு.

"வலிக்குதாடா?"னு மூத்தவன் மெல்லக் கேட்டான்.

"குட்டி தூங்கிட்டானா, அண்ணே?"னு இவன் கேட்டான்.

முழங்கையோட உள்ளோரத்த எங்கயாவது இடிச்சா, மத்த விரலெல்லாம் சும்மா இருக்க, சுண்டுவிரல் நுனி வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி சுர்ருனு ஓடுறது அன்னையிலருந்துதான். மேசையில முழங்கைய ஊணியே உக்காந்திருந்தாலும், கைய மடக்கித் தலைக்கு வச்சுத் தூங்குனாலும், அந்த ஒண்ணரை விரல்தான் மொதல்ல மரத்துப்போகும். பஸ்ஸுல, தூங்குற பிள்ளையக் கையில ஏந்திக்கிட்டு வர்ற அம்மா, மரத்த விரல உதறக்கூட உதறாம இறங்குற ஸ்டாப்பு வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கிறதும் அன்னையிலருந்துதான்.